வெட்டாத இடம்

பிரெஞ்சு பேசும் ஊரான சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலை பார்க்கும் சாருஜாவுக்கு அந்தச் சனிக்கிழமை ஒரு தாள் நிற்க வேண்டியிருந்தது. நின்றால் வடிவமைப்புப் படிப்பின் இரண்டாம் ஆண்டு. விழுந்தால் முப்பத்தாறு வயதில் மறுபடி முதலாம் ஆண்டு. வகுப்புள்ள சனிக்கிழமைகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கணவர் இரவிச்சந்திரன் இன்னொரு வருடம் பொறுப்பாரா என்பது முருகனுக்குத்தான் தெரியும்.

ஆசிரியை செலீன் கற்பித்தது, ஜெர்மனியில் நூறு வருடத்துக்கு முன் இருந்த பௌஹவுஸ் பள்ளியின் முறை. நாஜிகளின் நெருக்குதலில் அந்தப் பள்ளி மூடப்பட்டது. ஆசிரியர்கள் பல நாடுகளுக்குச் சிதறினார்கள். அவர்கள் கற்பித்த விதமும் கூடவே கடல் கடந்தது. அகதியாய் வந்த முறை என்பதால் சாருஜாவுக்கு அதன்மேல் ஒரு பாசம்.

சோதனை இதுதான்: ஆளுக்கு ஒரு செய்தித்தாள், ஒரு கத்தரிக்கோல். பசை இல்லை. ஒரு துண்டும் கழிவாகக் கூடாது. தாள் தன் பலத்தில் நிற்க வேண்டும். எப்படி என்று செலீன் சொல்லமாட்டார். தாளைக் கேளுங்கள் என்பார்.

தமிழ்க்கடையில் சும்மா கிடைக்கும் பத்திரிகையைச் சாருஜா கொண்டுவந்திருந்தாள். பஸ்ஸுக்கு நின்றபோது ஈரப்பனியில் அது ஊறிப்போய், நடுத்தாள் ஒன்றுதான் தப்பியது. அதன் மத்தியில் உள்ளங்கையளவு படத்தில் ஒரு பெரியவர் சிரித்தார். ஞானசுந்தரம், முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி. முன்பின் தெரியாதவர்.

வீட்டில் பழகிய உருவத்துக்கு முதல் வெட்டே நடுவில்தான். அவள் கத்தரிக்கோலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

பக்கத்து மேசையில் இருந்த மட்டக்களப்பு அக்னெஸ் எட்டிப் பார்த்தாள். "என்னகா, அவர் வந்து கேக்கப் போறாரா? வெட்டுகா."

"அவர் கேக்கமாட்டார். எனக்குத்தான் கை வருதில்லை."

முகத்தை விட்டு இரு பக்கமும் கீலம் கீலமாக வெட்டி மடித்தாள். நிறுத்தியபோது நடுப்பகுதி ஈரச்சேலைபோலத் தொய்ந்தது. செலீன் ஒரு விரலால் தொட்டார், விழுந்தது. நடுவை ஏன் தொடவேயில்லை என்று கேட்டார்.

இறந்தவர், இவருக்காக யாரோ அழுதிருப்பார்கள் என்று சாருஜா தட்டுத்தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னாள். செலீன் சற்று நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு, இரக்கத்துக்காக மதிப்பெண் போட முடியாது, ஆனால் இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்றார். இந்தத் தாளில் எந்த இடம் பலமானது என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தார்.

சாருஜா விரலால் தடவிப் பார்த்தாள். வெட்டிய கீலங்கள் துவண்டன. வெட்டாத இடம் விறைப்பாக விரலை எதிர்த்தது. இவ்வளவு நேரமும் அதைச் சுமையென்று நினைத்து மற்றதையெல்லாம் அதற்கு முட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடிப்புகளைப் பிரித்தாள். முகமிருந்த பகுதியை மெல்ல வளைத்து, தூண்போல நிமிர்த்தினாள். கீலங்களைப் பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோர்த்துவிட்டாள்.

தாள் நின்றது. செலீன் தன் மதிப்பெண் கொப்பியால் விசிறினார். ஆடியது, விழவில்லை. அவர் சாருஜாவின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டு அடுத்தவரிடம் போனார். சாருஜாவுக்குக் கண் கலங்கியது.

வகுப்பு முடிந்ததும் எல்லோருடைய வேலையையும் பார்வைக்காகத் தரையில் வரிசையாக வைத்தார்கள். சாருஜா குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு திரும்பினாள். அக்னெஸ் குனிந்து, அவளுடைய தாளை இரு கையாலும் தூக்கி மேசையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயாவ கால் படுற இடத்துல விட்டுட்டுப் போகலாமாகா?"