கை படாத கட்டம்

ராமாயியின் பெயரில் ஒரே வாரத்தில் அறுபத்து மூன்று டேமேஜ். எங்கள் பனியன் யூனிட்டிலேயே மிகச் சுத்தமாகத் தைப்பவர் அவர். எங்கிருந்து வந்தது இந்த எண்? செக்கிங் மேசை டேப்லெட்டில் ஓடும் படிவத்தை எழுதியவள் நான். எனக்கே விளங்கவில்லை.

"எந்தப் பீஸுன்னு ஒண்ணைக் காட்டுங்க மொதலாளி. பாத்துட்டு நானே வேலையை விட்டுப் போயிருதேன்" என்றார் ராமாயி.

"பீஸெல்லாம் பேக்காகிப் போயிருச்சுங்க" என்றார் முதலாளி சசிகுமார். "ஏனுங்க வேல்விழி, சிஸ்டம் தப்பாக் காட்டுமுங்களா?"

"டெஸ்ட் பண்ணித்தான் குடுத்தேன் சார்."

ராமாயி என்னைப் பார்த்தார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

திங்கட்கிழமை செக்கர் சித்ராதேவியின் பக்கத்தில் போய் நின்றேன். மூக்கையா தைத்த பண்டலில் ஏழு டேமேஜ். ஏழு என்று தட்டி சேவ் கொடுத்தார். அடுத்த பண்டலில் ஒரு குறையும் இல்லை. கண் துணியிலேயே இருக்க, விரல் மட்டும் போய் சேவ் பட்டனை அழுத்தியது. திரையின் டேமேஜ் கட்டத்தில் அதே ஏழு.

"நம்பரைத் தொடவே இல்லையே அக்கா?"

"டேமேஜ் இல்லாததுக்கு எதுக்குத் தட்டணும்? சும்மா விட்டா சைபர்னு நீதான சொன்ன?"

நான்தான் சொன்னேன். அந்தக் கட்டத்தை அன்கன்ட்ரோல்டாக விட்டிருந்தேன்; அதாவது, உள்ளே இருக்கும் எண்ணை என் நிரல் வைத்திருக்கவில்லை, பிரவுசர் வைத்திருந்தது. defaultValue ஆக நான் கொடுத்த பூஜ்யம், கட்டம் முதன்முதலில் திரையில் வரும்போது ஒரே ஒரு தடவைதான் செல்லும். பண்டல் மாறினாலும் கட்டம் அதேதான். பழைய எண் அப்படியே நிற்கும். சோதித்தபோது ஒவ்வொரு பண்டலுக்கும் நான் ஓர் எண்ணைத் தட்டினேன், அதனால் பிழை தெரியவில்லை. யாரும் தட்டாத பண்டலில்தான், குறையில்லாத பண்டலில்தான், முந்தைய ஆளின் டேமேஜ் ஏறும். மூக்கையாவுக்கு அடுத்த மெஷின் ராமாயியுடையது; அவர் பண்டலுக்குப் பிறகே இவர் பண்டல் செக்கிங் மேசைக்கு வரும்.

முதலாளியிடம் சொன்னேன்.

"அவங்க எடத்துக்கு ஆள் போட்டாச்சுங்க. நீங்க அதைச் சரி பண்ணிருங்க, போதும்."

சரிசெய்தேன். எண்ணை இப்போது ஸ்டேட்டில், அதாவது என் நிரலின் நினைவிலேயே, வைத்திருக்கிறேன். கட்டத்தின் value அங்கிருந்தே வருகிறது; தட்டும் ஒவ்வொரு எண்ணும் onChange வழியாக அங்கேயே போகிறது; பண்டல் மாறியதும் ஸ்டேட் பூஜ்யமாகிறது.