காயிலின் முதல் சுற்று

ராஜாங்கத்தின் செராமிக் கம்பெனி மோட்டார் மூன்றாவது முறையாகச் சக்கரபாணியின் காயில் கட்டும் பட்டறைக்கு வந்து இறங்கியது. தொட்டியில் களிமண்ணைக் கரைத்துக் கலக்குகிற மோட்டார் அது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் போன வருஷம் அதற்கு டிரைவ் என்கிற பெட்டியை மாட்டியிருந்தார்கள். ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கோடையில்தான் புகைய ஆரம்பித்தது.

கூடவே வந்த ராஜாங்கம் உள்ளே வரவில்லை. டெம்போவில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"டிரைவ டெஸ்ட் பண்ணி பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்குது. நீ கட்டுற காயில்லதான் கோளாறு. இதுதான் கடைசி, சக்கரபாணி."

சக்கரபாணி மூடியைக் கழற்றினான். எரிந்த வார்னிஷ் நாற்றம் முகத்தில் அடித்தது. முன்பு கருகிய அதே இடம். வயர் உள்ளே நுழைகிற முனையில், காயிலின் முதல் சுற்று மட்டும் பொத்துப்போயிருந்தது. மற்றவை புதுசாகப் பளபளத்தன.

காயில் சுற்றுவதும் இணைப்பதும் அவன் வேலை. அதை மோட்டாரின் பள்ளங்களில் நசுங்காமல் இறக்குவது அவன் மனைவி அம்புஜவல்லியின் வேலை. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

"இத இறக்குனது நீதானே?" என்றான்.

"நான்தான். பேப்பரு வெச்சித்தான் இறக்குனேன்."

"அப்புறம் எப்பிடி எரியும்? நகம் பட்டுருக்கும். கம்பிமேல பூசுன எனாமல் கீறிருக்கும். உன் கையாலதான் என் பொழப்பே போவுது."

அம்புஜவல்லி கையிலிருந்த காயில் கட்டும் நூலைக் கீழே வைத்தாள். மாலையில் அவன் வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அவன் கூப்பிடப் போகவில்லை. ஒரு சுற்றைக்கூட வேறு கை தொடாமல் மோட்டாரைத் தானே கட்டினான். அதற்குள் அவன் கட்டுகிற மோட்டார் எரிகிறது என்கிற சேதி ஊரில் பரவிவிட்டது. பெண்ணாடத்துக் கரும்பு விவசாயி கோவிந்தராசு வந்து, பிரித்துப் போட்டிருந்த தன் பம்பு மோட்டாரை அப்படியே சாக்கில் அள்ளிக்கொண்டு போனார். "தப்பா நெனைச்சுக்காத தம்பி. பயிரு காயுது" என்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். பட்டறை காலியாகிக்கொண்டே போனது.

மோட்டாரை மாட்டிய பிறகு சக்கரபாணி கம்பெனியை விட்டு நகரவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் தொட்டியடியிலேயே கிடந்தான். ஓடுகிற மோட்டார்மேல் கையை வைத்து வைத்துச் சூடு பார்த்தான். சாமி கும்பிடுகிறவன்போல உதடு முணுமுணுத்தது. கலக்குகிற ஆட்கள் அவனைப் பார்க்காத மாதிரி வேலை செய்தார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் படீரென்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. புகை வந்தது.

சக்கரபாணி அங்கேயே பிரித்தான். அதே முனை, அதே முதல் சுற்று. அவன் மட்டுமே தொட்ட காயில். களிமண் சேற்றில் முட்டி போட்டபடி, ஆட்கள் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதான். எரிந்த மோட்டாருக்காக இல்லை. அவளிடம் சொன்ன சொல்லை இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் அழுதான்.

ராஜாங்கம் வேறு வழியில்லாமல் டிரைவ் விற்ற கடைக்கு போன் போட்டார். கடலூரிலிருந்து நஸீமா என்கிற இன்ஜினியர் வந்தார். கருகிய சுற்றைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"டிரைவ் எங்க இருக்குது?"

"ஆபீஸ் ரூம்ல. இங்க மண்ணுத்தூசி ஏறுதுன்னு கோடைக்கு முன்னால நான்தான் மாத்தி வெக்கச் சொன்னேன்" என்றார் ராஜாங்கம்.

ஆபீஸ் முன்வாசலில், தொட்டி பின்கோடியில். இடையில் கேபிள் கம்பெனி முழுக்க ஓடியது.

"அண்ணே, உங்க வேலையில தப்பு இல்ல" என்றார் நஸீமா. "டிரைவ் கரண்ட வழவழன்னு அனுப்பாது. துண்டு துண்டா வெட்டி அனுப்பும். வெட்டுற கணக்குலதான் வேகம் கூடும், கொறையும். கேபிள் நீளமாயிட்டா ஒவ்வொரு துண்டும் மோட்டார்ல மோதித் திரும்புது. அப்போ அந்த முனையில வோல்டேஜு ரெண்டு பங்கா ஏறிடும். அடி மொத்தமும் முதல் சுத்துக்குத்தான். யாரு கட்டியிருந்தாலும் எரிஞ்சிருக்கும்."

டிரைவைத் தூசி புகாத பெட்டிக்குள் வைத்து மோட்டார் பக்கத்திலேயே மாட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

சக்கரபாணி அன்றைக்கே ஸ்ரீமுஷ்ணம் போனான். அம்புஜவல்லி அண்ணன் வீட்டுப் பின்புறம் துணி அலசிக்கொண்டிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள்.

"அந்த இன்ஜினியர் அம்மா வந்து சொல்லலன்னா?"

"அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு, அம்புஜம். நானே கட்டுனதும் எரிஞ்சுது."

"அது எரியாம ஓடியிருந்தா?"

அவன் ஈரத் துணியை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றது.

"மோட்டார இங்க அனுப்புங்க. இறக்கித் தரேன், அது என் வேல" என்றாள் அவள். "வூட்டுக்கு வரத அப்புறம் பாக்கலாம்."

டிரைவைத் தொட்டியடிக்கு மாற்றிய பிறகு, அவள் இறக்கிய காயிலோடு அந்த மோட்டார் புகையாமல் ஓடியது. கோவிந்தராசு பம்பை மறுபடி கொண்டுவந்தார். அதிலிருந்து சக்கரபாணி ஒவ்வொரு மோட்டாரையும் ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கொண்டுபோய், அவள் காயில் இறக்கியதும் எடுத்து வந்தான். ஒருமுறைகூட வா என்று கூப்பிட அவனுக்கு வாய் வரவில்லை.