தூங்காத கார்

அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் என்கிற ஊரில் ராமசுப்ரமணியனை எல்லோரும் ராம் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரக் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருஷம் இன்ஜினியராக இருந்து ரிடையர் ஆனவர். கரண்ட் சம்பந்தமாக அவரிடம் யாராவது வாயைக் கொடுத்தால் அன்றைக்கு அவர்களுக்கு ஏழரைதான். கோயில் கான்டீனில் புளியோதரைக்கு நிற்பவர்கள், இவர் வந்து பின்னால் நின்றால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? வீட்டில் பேச ஆள் இல்லாதவன் வெளியில்தானே பேசியாக வேண்டும்.

மனைவி அனந்தலக்ஷ்மி போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் அனன்யா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், தமிழில் கேட்டுக்கொண்டு பாதி ஆங்கிலத்தில் பதில் சொல்கிற ஜாதி. ஜனவரியில் அவளுடைய கம்பெனி அவளை இரண்டு வருஷத்துக்கு ஜூரிக்குக்கு அனுப்பியது. பெட்டி படுக்கையெல்லாம் கப்பலேறிவிட்டன. அவளுடைய எலெக்ட்ரிக் கார் மட்டும் அப்பா வீட்டு கராஜில் நின்றுவிட்டது.

கிளம்புகிற அன்று, கையில் பாஸ்போர்ட்டோடு கராஜில் நின்று அவள் சொன்னது மொத்தம் நாலு வரி. சார்ஜரை மாட்டியே வைத்திருங்கள். ஐம்பது சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி நான் செட் பண்ணிவிட்டேன். ஏதாவது அவசரம் என்றால் பார்க்க உங்கள் போனிலும் ஆப் போட்டுவிட்டேன். மற்றபடி மறந்துவிடுங்கள். "ஜஸ்ட் ஃபர்கெட் இட், அப்பா," என்று அவர் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறந்துவிடுவதா! இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் என்னாவது?

விமானம் ஏறின அன்று சாயங்காலமே ராமசுப்ரமணியன் சார்ஜரைக் கழற்றிவிட்டார். நம் ஊரில் ஒவ்வொரு ப்ளக் பாயின்ட்டுக்கும் ஒரு ஸ்விட்ச் உண்டு. வேலை முடிந்ததும் அதை அணைக்காமல் போனால் வீட்டில் யாராவது ஒருவர் திட்டுவார்கள். அமெரிக்காவில் அந்த ஸ்விட்ச் கிடையாது. அதனால் இங்கே வந்த நம்மவர்கள் ப்ளக்கையே பிடுங்கிவிடுவார்கள். டோஸ்டரானாலும் சரி, மிக்ஸியானாலும் சரி, வேலை முடிந்ததும் ஒயர் தொங்கவேண்டும். ராத்திரி முழுக்கச் செருகியே கிடக்கிற ஒயரைப் பார்த்தால் ராமசுப்ரமணியனுக்குத் தூக்கம் வராது. அதுவும் மகள் கார். இடி மின்னல் வந்தால்? சார்ஜ் குறைந்தால் மாட்டுவோம், ஐம்பது வந்ததும் கழற்றுவோம், தீர்ந்தது விஷயம்.

தீரவில்லை. கணக்குப்படி சும்மா நிற்கிற கார் வாரத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் இழக்கலாம், அவ்வளவுதான். இந்தக் காரோ ஒரு நாளைக்கு மூன்று, நான்கு என்று விழுங்கியது. ஐம்பதில் விட்டால் பத்தே நாளில் பதினைந்துக்கு வந்து நின்றது. எங்கேயோ கரண்ட் கசிகிறது என்று முடிவு கட்டினார். காவல் கேமராவை அணைத்தார். உள்ளே சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வசதியை அணைத்தார். முன் மூடியைத் திறந்து, காரின் கம்ப்யூட்டரையும் கதவுகளையும் இயக்குகிற சின்ன பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தார். மாதக்கணக்கில் தேடியும் கசிவு அகப்படவில்லை.

காலையில் காபியோடு போனை எடுத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். குளித்துவிட்டு ஒரு தடவை. தயிர்சாதம் சாப்பிடும்போது ஒரு தடவை. பொறுப்பில் இருக்கிறவன் பார்க்கவேண்டாமா?

அனன்யா ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவாள். பத்து நிமிஷம். அங்கே குளிர் எப்படி, இங்கே கொலஸ்ட்ரால் எப்படி, சாப்பிட்டாயா, சாப்பிட்டீர்களா. அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அப்போதுதான் கார் கைகொடுக்கும். "உன் கார் என்ன பண்றது தெரியுமா?" என்று ஆரம்பித்தால் இன்னும் நாலு நிமிஷம் ஓடும். ராமசுப்ரமணியனுக்கு அந்த நாலு நிமிஷம் அல்வா.

மே மாசக் கடைசி ஞாயிறு அதற்கும் ஆபத்து வந்தது. இவர் வழக்கம்போல் கசிவுப் புராணத்தை எடுத்தார். அந்தப் பக்கம் அனன்யா பெருமூச்சு விட்டாள்.

"அப்பா, இட்ஸ் எ ஹெட்ஏக் ஃபார் யூ. வித்துடலாமா? விஷாகா கேட்டுட்டே இருக்கா."

விஷாகா அவளுடைய காலேஜ் சிநேகிதி, பக்கத்தில் எடிசன் என்கிற ஊரில் இருக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் அந்த நிமிஷம் ராமசுப்ரமணியனுக்கு அவளைப்போல் ஒரு எதிரி உலகத்தில் இல்லை.

"வேண்டாம்மா, வேண்டாம். எனக்கென்ன ஹெட்ஏக்? ஐ வில் ஃபிக்ஸ் இட். ஒரு மாசம் டைம் குடு."

"ஓகே. ஒன் மன்த். அப்புறமும் சரியாகலைன்னா வித்துடலாம்ப்பா."

போனை வைத்துவிட்டு அனன்யாவின் அறை வாசலில் போய் நின்றார். அவள் அறையில் இருந்ததெல்லாம் போய்விட்டது. கட்டில்கூட யாருக்கோ கொடுத்தாயிற்று. அவள் பேருக்கு வருகிற தபால்கூட வேறு விலாசத்துக்குத் திருப்பியாகிவிட்டது. மிச்சம் இந்தக் கார் ஒன்றுதான். இதுவும் எடிசனுக்குப் போய்விட்டால், அந்தப் பெண் இந்த வீட்டு வாசலில் வந்து நிற்பதற்கு அப்பா என்கிற ஒரே காரணம்தான் மிஞ்சும். அது போதும் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை.

அதனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். போனை எடுப்பார், பார்ப்பார், வைப்பார். மறுபடி எடுப்பார்.

ஜூன் மாசம் ஒரு புதன்கிழமை காலை, ஆப்பில் காரே வரவில்லை. சக்கரம்போல் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு கராஜுக்கு ஓடினார். கதவைத் தொட்டார். தொட்டதும் தானாக நீள்கிற கைப்பிடி வெளியே வரவில்லை. சாவி அட்டையைக் காட்டினார், ஒரு விளக்குகூட எரியவில்லை. சார்ஜரை மாட்டிப் பார்த்தார், அதற்கும் அசைவில்லை. கண்ணாடியில் அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. "ஐயையோ, கொன்னுட்டேனே," என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

சர்வீஸுக்குப் போன் பண்ணினார். பதினோரு மணிக்கு வேன் வந்தது. கார்லோஸ் என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், நிதானமான ஆள். முன்னால் ஒரு மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த இரண்டு ஒயரில் வெளியிலிருந்து கரண்ட் கொடுத்து முன்பக்கத்துப் பெரிய மூடியைத் திறந்தார். சின்ன பேட்டரி செத்துவிட்டது, புதிதாக ஒன்று போட்டால் சரியாகிவிடும், காரை ஓட்டுகிற பெரிய பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். ராமசுப்ரமணியனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கார்லோஸுக்கு ஒரு டம்ளர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

புது பேட்டரியை மாட்டிவிட்டு கார்லோஸ் லேப்டாப்பைத் திறந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புருவத்தை உயர்த்தினார்.

"இந்தக் கார் தூங்கவே இல்லையே," என்றார்.

ராமசுப்ரமணியனுக்குப் புரியவில்லை. கார்லோஸ் பொறுமையாக விளக்கினார். நிறுத்தி வைத்த எலெக்ட்ரிக் கார் கொஞ்ச நேரத்தில் தானாகத் தூங்கிவிடும். தூங்கினால் செலவே இல்லை. ஆனால் போனில் ஆப்பைத் திறந்தால் அது விழித்துக்கொண்டு பதில் சொல்லும். பதில் சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போவதற்குக் கால் மணி, அரை மணி ஆகும். கதவைத் திறந்தாலும் அப்படித்தான். "இங்கே பாருங்கள், ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை யாரோ எழுப்பியிருக்கிறார்கள். ராத்திரி கொஞ்ச நேரம் தவிர நாள் முழுக்க விழித்தே இருந்திருக்கிறது. சின்ன பேட்டரி அதில்தான் தேய்ந்துபோனது. சார்ஜரில் மாட்டியிருந்தால் பெரிய பேட்டரியாவது இறங்காமல் இருந்திருக்கும்."

"யாருடைய போன்?"

"அது இதில் தெரியாது. உங்கள் கணக்கில் இரண்டு போன் இருக்கிறது."

இரண்டு போன்.

கார்லோஸ் போனபிறகும் ராமசுப்ரமணியன் கராஜில் நின்றுகொண்டிருந்தார். தான் பார்ப்பது ஒரு நாளைக்கு எத்தனை இருக்கும்? நாலு, மிஞ்சிப்போனால் ஐந்து. காபிக்கு ஒன்று, குளித்தபிறகு ஒன்று. அப்படியானால் மீதி அறுபது? அவருக்கு மெதுவாக விளங்கியது. விளங்கியதும் உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. அந்தப் பெண்! ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷத்துக்குமேல் பேசத் தெரியாத அழுத்தக்காரி, ஜூரிக்கில் உட்கார்ந்துகொண்டு நாளெல்லாம் இந்த கராஜை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வீட்டு ஞாபகம் வராமல் இருக்குமா? வாயால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். யார் பெண்!

கண் கலங்கியது. கிழமை புதன் என்பதைக்கூட யோசிக்காமல் போன் போட்டார்.

முதல் ரிங்கிலேயே எடுத்தாள். "அப்பா? ஆர் யூ ஓகே?"

"நான் நன்னா இருக்கேன். உன் காருக்குத்தான் உடம்பு சரியில்லாம போச்சு, இப்ப சரியாயிடுத்து. திருடனையும் கண்டுபிடிச்சாச்சு." சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. "ஏம்மா, ஒரு நாளைக்கு எழுபது தடவை ஆப்பைத் தொறந்து பாப்பாளா யாராவது? ஆசையா இருந்தா அப்பாக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"



"நானா? அப்பா, என்கிட்ட அந்த ஆப்பே இல்லை. மார்ச்ல போன் மாத்தினப்போ போச்சு. ஐ நெவர் புட் இட் பேக்."

ராமசுப்ரமணியன் சமையலறை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஸோ... இட்ஸ் யூ?" அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். "செவன்ட்டி டைம்ஸ், அப்பா?"

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. காபிக்கு ஒன்று, குளித்தபிறகு ஒன்று என்று எண்ணினாரே தவிர, டிவியில் விளம்பரம் வந்தபோது, தபால் எடுக்கப் போனபோது, கடையில் வரிசையில் நின்றபோது, படுத்துத் தூக்கம் வராமல் புரண்டபோது எடுத்ததையெல்லாம் அவர் எண்ணவே இல்லை. கை தானாகப் போயிருக்கிறது.

"பேட்டரி எவ்வளவு இருக்குன்னு பாக்கத்தாம்மா," என்றார்.

"இட்ஸ் ஓகே. ஈஸியா சரி பண்ணிடலாம். ஒன் செகண்ட்." அவள் எதையோ தட்டுவது கேட்டது. ஆப்பை மறுபடி இறக்கினாளாம், ஏதோ பாஸ்வேர்ட் கேட்டதாம். ஒரு நிமிஷம் ஆயிற்று. "டன்! உங்க போனை அதிலேர்ந்து எடுத்துட்டேன். சார்ஜர்ல மாட்டி அப்படியே விட்டுடுங்க. இனிமே நீங்களும் பாக்கவேண்டாம், நானும் பாக்கவேண்டாம். விக்கவும் வேண்டாம். ஹேப்பி?"

காதிலிருந்து எடுத்துப் போனைப் பார்த்தார். ஆப்பில் கார் இல்லை. பேர் என்ன, பாஸ்வேர்ட் என்ன என்று அது அவரைக் கேட்டது.

பிறகு அவர் தன் அறுபத்தெட்டு வருஷத்தில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். உள்ளதைச் சொன்னார்.

"அனன்யா, நான் பேட்டரி பாக்கலைம்மா. அதைத் தொட்டா மேல உன் பேர் வரும், அனன்யாவோட கார்னு. கீழ, வீட்ல இருக்குன்னு வரும். கூப்பிட்ட உடனே பதில் சொல்லும். இந்த வீட்ல வேற எதுவும் எனக்குப் பதில் சொல்றதில்லை."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

"ஓ, அப்பா," என்றாள். குரல் குழைந்திருந்தது. நிஜமாகவே அவளுக்கு வருத்தமாக இருந்தது. ஏதாவது உடனே செய்துவிட வேண்டும் என்றும் இருந்தது. "ஐ நோ! அந்தப் பேசற ஸ்பீக்கர் இருக்கே, அது ஒண்ணு ஆர்டர் பண்றேன். எது கேட்டாலும் உடனே பதில் சொல்லும். தமிழ்கூட வரும்னு நினைக்கறேன். நாளைக்கே வந்துடும்ப்பா."

அவள் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. கையில் இருந்ததைத் தூக்கிக் கொடுக்கிறாள் குழந்தை, அவளிடம் இருப்பது அதுதான்.

"அதையாவது ப்ளக்கைக் கழட்டாம வெச்சிருக்கணுமா?" என்று கேட்டார்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "ஆமாம்ப்பா! ஆல்வேஸ்! எனக்கு மீட்டிங், பை, லவ் யூ," என்று வைத்துவிட்டாள்.

அவளைச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு, பட்டப்பகலில், ஆறிப்போன காபிக்கு முன்னால் உட்கார்ந்து ராமசுப்ரமணியன் அழுதார். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு கராஜுக்குப் போனார். சார்ஜர் சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். உள்ளே கொஞ்ச நேரம் உட்காரலாம் என்று கைப்பிடி வரைக்கும் கையைக் கொண்டுபோனார். கதவைத் திறந்தால் விழித்துக்கொள்ளும். கையை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் கராஜ் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.