எட்டு அடுக்குக் காப்பி

காப்பியடிப்பதென்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. பள்ளியில் பக்கத்து பெஞ்சைக்கூடத் திரும்பிப் பார்க்காதவள், சர்க்யூட் போர்டு வரைகிற வேலைக்கு வந்த பிறகும் ஒவ்வொரு கோட்டையும் தானே இழுத்தாள். கண்ட பலன்? குறைமாதக் குழந்தைகளின் மூச்சைக் கண்காணிக்கும் கருவிக்கு இரண்டு போர்டு வரைந்தாள், இரண்டிலும் மெமரி சிப் கண்ணையே திறக்கவில்லை. மூன்றாவதும் சொதப்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஆர்டர் கொடுத்த டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, சிப் கம்பெனியே சோதித்துப் பார்த்துக் கொடுத்திருந்த மாதிரி வடிவமைப்பைத் திறந்தாள். பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே ஓடும் கோடுகளை, ஒரு நெளிவுகூட மாறாமல் எடுத்து ஒட்டினாள். மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்ட பகுதி மூன்றே நாளில் முடிந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை நாலு மணிக்குள் ஃபைல் போர்டு தயாரிக்கும் தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். இரண்டு மணிக்கு, தொழிலில் அவளுக்குக் கூட்டாளியான அண்ணி, ஆர்டர் படிவம் நிரப்பிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"வழக்கம்போல ஆறு அடுக்குதானே?"

அவள் மாதிரி வடிவமைப்பை மறுபடி திறந்து பார்த்தாள். மாதிரி போர்டுக்குள் செம்பு எட்டு அடுக்கு. அடுக்கு குறைந்தால் கோட்டுக்கும் அதன் கீழிருக்கும் கிரவுண்டு அடுக்குக்கும் இடைவெளி மாறும், சிக்னல் குழம்பும்.

"அண்ணி, கோட்டை மட்டும்தான் காப்பியடிச்சிருக்கேன். அடுக்கைக் கோட்டை விட்டுட்டேன்."

"காப்பியடிக்கிறதுலயும் அரைகுறையா? சரி, எட்டுன்னு போட்டா கருவியோட பெட்டிக்குள்ள நுழையுமா?"

"மொத்த தடிமன் அதேதான். போடுங்க, போடுங்க."

முட்டி மோதி அடுக்குகளை மாற்றி, சரிபார்த்து, நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அனுப்பினார்கள்.

பத்தாம் நாள் போர்டு வந்தது. பவர் கொடுத்தாள். திரையில் மெமரி சோதனை ஓடியது. பத்து சதவீதம், நாற்பது, எண்பது. அண்ணி அவள் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நூறு. ஒரு பிழைகூட இல்லை. இருவரும் குதித்த குதியில் மேசையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் உருண்டு விழுந்தது.

உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"வேலை செய்யுது டாக்டர்."

"சந்தோஷம்மா. எல்லாமே நீயா வரைஞ்சதா?"

"மெமரிப் பகுதி மட்டும் சிப் கம்பெனிக்காரங்க வரைஞ்சது. அப்படியே காப்பியடிச்சேன், ஒரு கோடுகூட மாத்தல."

"அப்பாடா," என்றார் டாக்டரம்மா. "இனி நான் நம்பிக் குழந்தைக்கு மாட்டுவேன்."