சாம்பல் திட்டு

ஒன்று புள்ளி இரண்டு என்றால் ஒன்று புள்ளி இரண்டுதான், அதில் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது, எண்ணைத் திரையில் அத்தனை பெரிதாகப் போடச் சொன்னதே அவள்தானே, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாலும் நர்சுக்குத் தெரிய வேண்டும் என்று மூன்று வாரம் மேனேஜரோடு மல்லுக்கட்டி வாங்கிய இடம் அது, பக்கத்தில் கீழ்நோக்கி ஒரு பச்சை அம்பு, சென்டிமீட்டரில் புண்ணின் ஆழம், போன வாரம் ஒன்று புள்ளி ஆறு, அதற்கு முந்தின வாரம் இரண்டு, அம்மாவின் படுக்கைப்புண் ஆறிக்கொண்டு வருகிறது... ஆனால் அது ஏன் அப்படி மின்னியது? அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், சிஸ்டர் பழைய கட்டைப் பிரித்து, இவளுடைய ஆபீஸ் செய்த டேப்லெட்டை மேலே பிடித்து அளந்து, எண்ணைச் சொல்லிவிட்டு, புதுப் பஞ்சு எடுக்கத் தள்ளுவண்டிப் பக்கம் திரும்பிய அந்த இடைவெளியில்தான் இவள் பார்த்தாள். இத்தனை நாளும் கட்டுப் பிரிக்கும் நேரத்துக்குச் சரியாக இவளுக்கு ஒரு போன் வந்துவிடும், வெளியே போய்விடுவாள், இன்று வராந்தாவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், நிற்க இடமில்லை, பார்த்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே, எலுமிச்சம்பழ அளவில், நடுவில் ஈரம், அந்த ஈரத்தில் டியூப்லைட் அப்படியே தெரிந்தது.

ஈரம் மின்னினால் கேமராவுக்குக் கண் தெரியாது, இதைக் குழி எத்தனை தடவை சொல்லியிருப்பான்... குழி என்பது அவன் பெயரல்ல, கேமரா வேலை பார்ப்பவன், எந்தக் கூட்டத்திலும் 'படத்துல குழி விழுது, குழி விழுது' என்றே புலம்புவதால் ஆபீஸ் முழுக்க அவனுக்கு அதுதான் பேர். கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளைக் கேமரா தூவும், அவை திரும்பி வருவதை வைத்து ஆழத்தைக் கணக்குப் போடும், மினுமினுப்பில் பட்ட புள்ளி எங்கோ தெறித்துப் போய்விடும், அந்த இடத்தில், எனக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்காகச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழும். மேஜை மேல் வைத்து அளந்த ரப்பர் புண்களில் ஒரு திட்டும் விழவில்லை, ரப்பருக்கு ஏது ஈரம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோதுதான் விழுந்தது, நர்சுகள் பயந்துபோனார்கள், 'மெஷின் கெட்டுப்போச்சா?' என்று பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினார்கள், ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் நோட்டில் என்ன எழுதினாள்? சாம்பல் பயமுறுத்துகிறது, எடுத்துவிடலாம். எடுத்துவிட்டாள். சுற்றியுள்ள விளிம்பிலிருந்து இழுத்து நடுவை நிரப்பிவிடச் சொன்னாள், குழி மட்டும் 'ஆழமான இடந்தான் ஈரமா இருக்கும், அதைப் போய் மேடாக்குறோமே' என்றான், 'உனக்கு எப்பப் பாரு குழிதான்' என்று அவள் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள், அவனும்கூடச் சிரித்தான். பூசி மெழுகிய வேலை, அதற்குக் கைதட்டு வேறு, மேனேஜர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

பதினொரு மணிக்கு டாக்டர் வருவார், இன்னும் இருபது நிமிடம், எண் இறங்கியிருப்பதைப் பார்ப்பார், வீட்டுக்குப் போகலாம் என்பார், அம்மா நேற்றே பையைக் கட்டி வைக்கச் சொல்லிவிட்டாள், போய்விட்டால்... உள்ளே சீழ் வைத்து எலும்புவரை போய்விட்டால்? இல்லை, அது வெறும் மருந்து ஈரமாக இருக்கும், சிஸ்டர் கழுவியிருப்பாள், கழுவினால் மின்னாதா என்ன... கழுவிய பிறகுதானே அளந்தாள்? கடவுளே, அப்படியென்றால் ஒவ்வொரு வாரமும் கழுவிய பிறகுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் அம்மா சொன்னாளே, 'உள்ளுக்குள்ள யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி இருக்குடி' என்று, இவள் என்ன செய்தாள், டேப்லெட்டை வாங்கி முகத்துக்கு நேரே நீட்டினாள், 'பாரும்மா, குறைஞ்சிருக்கு', அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள், அன்றிலிருந்து அறைக்கு யார் வந்தாலும் 'என் பொண்ணு செஞ்சதாக்கும்' என்று ஒரே தம்பட்டம், அந்த இழுப்பைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. போய்விட்டது என்றல்லவா இவள் நினைத்தாள்.

திரையின் மூலையில் நான்கு தட்டு தட்டினால் பழைய சாம்பல் வரும், குழி எடுக்காமல் விட்டு வைத்த வழி, டேப்லெட் கட்டில் ஓரத்தில்தான் கிடந்தது, தட்டினாள், அவசரத்தில் மூன்றோ நான்கோ தெரியவில்லை, மறுபடி தட்டினாள்... வந்தது, அம்மாவின் புண் வந்தது, விளிம்பில் மெல்லிய ஒரு வளையம் மட்டும் நிறம், நடு முழுக்கச் சாம்பல். ஒன்று புள்ளி இரண்டு என்று யார் சொன்னது, கேமரா சொல்லவில்லை, அது தெரியாது என்றுதான் சொல்லியிருக்கிறது, வாரா வாரம் சொல்லியிருக்கிறது, அதன் வாயைப் பொத்தியது யார்? "சிஸ்டர், பழைய மாதிரி குச்சி வச்சு ஒரு தடவை ஆழம் பார்த்துடுங்களேன்." சிஸ்டர் சிரித்தாள். "பஞ்சுக்குச்சியை உள்ள விட்டா உயிர் போயிடுமேம்மா, அது வேணாம்னுதானே நீங்க இதைக் கொண்டுவந்தீங்க?" "இது நடுவுல பார்க்கவே இல்ல சிஸ்டர். பார்த்த மாதிரி காட்டுது. நான்தான் அப்படிக் காட்டச் சொன்னேன்." சிஸ்டரின் சிரிப்பு அப்படியே நின்றது, சாம்பலைப் பார்த்தாள், பிறகு வாசலைத் தாண்டி வார்டைப் பார்த்தாள். "காலையிலேர்ந்து எட்டுப் பேருக்கு எடுத்திருக்கேனே... அவங்களுக்கும் இப்படித்தானா?" சிஸ்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, உறையைக் கிழித்துக் குச்சியை எடுத்தாள்.

"அம்மா, கொஞ்சம் வலிக்கும், தாங்க முடியலேன்னா சொல்லுங்க," என்றாள் சிஸ்டர். இவள் சுவர்ப்பக்கம் போய் மண்டியிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள், இல்லை, அம்மாதான் பிடித்தாள், நகம் மணிக்கட்டில் இறங்கியது, முகம் முழுக்க வேர்த்துவிட்டது, உதட்டைக் கடித்திருந்தாள், அந்தக் கடித்த உதட்டைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டு, "எனக்கு வலிக்கவே இல்லடி, அதான் குறைஞ்சிருக்குன்னு போட்டிருக்கே," என்றாள். எந்த நாளிலிருந்து, இவள் நினைத்துப் பார்த்தாள், அம்மா எந்த நாளிலிருந்து இப்படி... அம்பைத் தொட்ட அன்றைக்கேவா? அம்மாவின் தோளுக்கு மேலே சிஸ்டரின் கட்டைவிரலும் குச்சியும் தெரிந்தன, குச்சி இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.