அடுப்பை அணைத்த பிறகு

சோயாப்பால் டோஃபுக் கட்டியைத் துணியில் சுற்றி, அதன் மேல் தன் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி வைத்தான் லிப்ட் மெக்கானிக். தண்ணீர் வடிவதற்குக் கனம் வைக்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். எவ்வளவு கனம் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பெட்டி பதினோரு கிலோ இருக்கும்.

"என்ன அது, நசுங்குற சத்தம் கேக்குது?" என்று முன்னறைக் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

அவள் படுத்திருந்த இடத்திலிருந்து சமையலறை தெரியாது. பதினாறு வருஷம் தொழிற்சாலை கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைத்தவளுக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. எண்ணெய் காய்ந்ததும் பூண்டு வதங்கியதும் அவளுக்குக் காதிலேயே தெரிந்துவிடும். அவன் பெட்டியை எடுத்துப் பார்த்தான். கட்டியில் பாதி உதிர்ந்து கிடந்தது. மறைத்துப் பயனில்லை என்று நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டான்.

"உதிர்ந்ததையும் சேர்த்தே போடுங்க. வாய்க்குள்ள போனா எல்லாம் உதிரத்தானே போகுது."

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்து, அவளை வீட்டுக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வந்த அன்றே அவள் ஒரு முடிவோடு இருந்தாள். வெந்நீர்கூட வைக்கத் தெரியாத இந்த மனுஷனுக்கு ஐந்து சமையலாவது சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது. மகளுக்குப் பதினான்கு வயது. அம்மா படுத்ததிலிருந்து அவள் ரொட்டியும் பிஸ்கட்டுமாகக் காலத்தை ஓட்டினாள். அப்பா செய்த நான்கு சமையலையும் தட்டில் அளைந்துவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனாள். பிள்ளைக்குக் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வருவதைத் தாய் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தில் மிச்சமிருந்தது இந்த டோஃபு ஒன்றுதான். இதையாவது அவள் சாப்பிட வேண்டும்.

கறி கட்டுப்படியாகாத நாட்களுக்காகக் கேன்டீனில் அவளாகக் கண்டுபிடித்தது அது. மலிவு, கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். கரும்பலகையில் சைனீஸ் என்று எழுதிப் போடுவாள். சீனாக்காரன் பார்த்தால் கேஸ் போடுவான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

முதல் நாள் சாதம் அடிப்பிடித்ததற்குக் காரணம், அவள் இருமும்போதெல்லாம் அவன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடியதுதான். அன்றே சட்டம் போட்டுவிட்டாள். அடுப்பு எரியும்போது இந்தப் பக்கம் வரக்கூடாது. என்ன ஆனாலும் அணைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

"நான் இல்லாதப்போ எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்று கேட்டாள்.

உதிராமல் மிஞ்சியதை ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து, ஓரங்குலத் துண்டுகளாக வெட்டினான். சோளமாவில் புரட்டி எண்ணெயில் போட்டான். சடசடவென்று பொரிந்தது. உடனே திருப்பப் போனான்.

"இன்னும் இல்ல," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "லிப்ட் மோட்டார காதால கேட்டே கோளாறு சொல்லுவீங்கல்ல? அதே மாதிரி கேளுங்க. சடசடப்பு அடங்கும். அப்ப திருப்புங்க."

இருபது வருஷமாக மோட்டார் அறைகளில் நின்று கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான். சத்தம் தணிந்து சீரானது. திருப்பினான். அடிப்பக்கம் பொன்னிறமாகச் சிவந்திருந்தது. இந்த நிலைமையிலும் தனக்குச் சந்தோஷம் வருவது அவனுக்கே வெட்கமாக இருந்தது.

துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, பூண்டு, இஞ்சி, குடைமிளகாய் என்று வரிசையாக வதக்கினான். சோயா சாஸ், ஒரு மூடி வினிகர், சிட்டிகை சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர். ஒவ்வொன்றையும் போடும் முன் சொல்வான். முன்னறையிலிருந்து "ம்" என்று வரும். உதிர்ந்ததையும் சேர்த்து டோஃபுவைத் திரும்பப் போட்டான். சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்தான்.

"ஊத்தட்டுமா?"

"ம்" வரவில்லை.

வாணலி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் காது அதைத் தாண்டிப் போனது. ஒன்பது நாளாக வீட்டில் ராத்திரி பகல் என்று பாராமல் கேட்டுக்கொண்டிருந்த கரகரத்த மூச்சைக் காணோம். தூங்கிவிட்டாள் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளப் பார்த்தான், முடியவில்லை. சற்று நிற்பதற்கும் ஓய்ந்துபோவதற்கும் வித்தியாசம் தெரிந்த காது அது.

உடம்பு முழுக்க அந்தப் பக்கம் இழுத்தது. மேடையை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டான். மறு கையால் மாவுத் தண்ணீரை ஊற்றினான். சாறு கெட்டிப்பட ஒரு நிமிஷம் ஆனது. கட்டி தட்டவிடாமல், அழுதுகொண்டே கிளறினான். வெங்காயத்தாளைத் தூவினான். அடுப்பை அணைத்தான். பிறகுதான் ஓடினான்.

தினமும் வந்து பார்க்கும் நர்ஸ் வந்தாள். உயிர் பிரிந்தது எத்தனை மணிக்கு என்று கேட்டாள். சோளமாவு ஊற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் என்றான். அவள் அவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, தானே ஒரு நேரத்தைக் கணக்கிட்டு எழுதிக்கொண்டாள். எடுத்துப் போக ஆறு மணிக்கு வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் பள்ளியிலிருந்து வரும்போது நாலு மணி. அப்பா வாசலில் நின்ற நிற்பிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோளில் பையோடு போய் அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாள். அவள் முதுகில் கையை வைத்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். அவள் அழுது ஓய ஐந்து மணியாகிவிட்டது. அவன் எழுந்து போய் வாணலியைச் சூடாக்கிக் கொண்டுவந்து, மேஜையில் இரண்டு தட்டு வைத்தான்.

"வா பாப்பா."

"எனக்கு வேணாம்பா."

அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். இந்த நேரத்தில் எப்படி மனசு வருகிறது என்று மகள் பார்த்த பார்வையைத் தாங்கிக்கொண்டு மென்றான். முதல் வாயைத் தண்ணீர் குடித்து இறக்கினான்.

"அம்மா சொல்லச் சொல்ல செஞ்சது," என்றான். "கடைசி ஒரு நிமிஷம் மட்டும் நானா செஞ்சேன்."

அவள் பையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து மெதுவாக மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"உப்பு ஜாஸ்திப்பா."

"நாளைக்கு கொறச்சு போடுறேன்."

அவள் தலையாட்டிவிட்டு, வாணலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.