ஐந்தாவது டிராக்

பதிவுக் கருவி வாங்கும் வேலையை லிஃப்ட்டின் தலையில் கட்டியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பாட்டுக் குழுவில் மற்ற மூன்று பேரும் தங்களை முக்கியமானவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். முக்கியமானவர்கள் கடை கடையாக ஏறி இறங்க மாட்டார்கள்.

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன், அதனால் லிஃப்ட். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவனுக்குப் பல் மருத்துவமனையில் இடுக்கிகளைக் கழுவி அடுக்கும் வேலை, அவன் டாக்டர். டிரம்ஸ் அடிப்பவர் பேருந்து ஓட்டும் டிரைவர் அண்ணன். பேஸ் கிட்டார்க்காரன் லிஃப்ட்டின் மனைவிக்கு அண்ணன், அதனால் மச்சான். சலவைக் கடை நடத்தினான். அந்தக் கடையின் பின்னறையில், இஸ்திரி போட்டுத் தொங்கவிட்ட கோட்டுகளுக்கும் திரைச்சீலைகளுக்கும் நடுவில்தான் வாரம் ஒருநாள் வாசிப்பார்கள். பாதிச் சத்தத்தைத் துணிகள் குடித்துவிடும். மீதிச் சத்தத்துக்கு அக்கம்பக்கம் பழகிவிட்டது.

லிஃப்ட் இரண்டாவது கிட்டார். பாட்டுக்கு அடியில் தாளத்தோடு ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய கிட்டார். அதை இதுவரை ஒரு ஜீவனும் கேட்டதில்லை. மேடையில் டிரம்ஸ் அதை விழுங்கும். போனில் பதிந்தால் டாக்டரின் தொண்டை விழுங்கும். "நீங்க எப்ப வாசிக்கிறீங்க?" என்று அவன் மனைவி கேட்டது கிண்டலுக்குக்கூட இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவனை உறுத்தியது. ஒரே ஒரு பதிவில் தன் கிட்டார் கேட்டாக வேண்டும். வேறு எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

வாரக் கடைசியில் வாசிக்க ஆள் தேடிய ஓட்டல்காரர் ஒருவர், பாட்டைப் பதிந்து கொண்டுவரச் சொன்னார். அப்படித்தான் கருவி தேவைப்பட்டது.

கடையில் விற்பனைப் பையன் மூன்றை எடுத்து வைத்தான். பெரியதன் விலையைக் கேட்டதும் லிஃப்ட் அதைத் தொடாமல் திருப்பித் தள்ளினான். மிச்சம் இரண்டு. ஒன்று சோப்புக்கட்டி அளவு. அறை நடுவில் வைத்தால் எல்லாச் சத்தத்தையும் ஒன்றாக அள்ளிக்கொள்ளும். இன்னொன்றில் எட்டு டிராக். ஒரே நேரத்தில் நாலு மைக் வைத்து நாலு டிராக்கில் தனித்தனியாகப் பதியலாம். மற்றவர்கள் அதைக் காதில் கேட்டுக்கொண்டே பிறகு வாசித்து ஏற்றலாம். ஒவ்வொன்றையும் கூட்டலாம், குறைக்கலாம், தனியாகக் கேட்கலாம்.

"பேண்டுக்கு எது சார் நல்லது?"

"நீதான்யா சொல்லணும்."

"சின்னதுல ஒருத்தர் சொதப்பினா எல்லாரும் சேந்து மூடிடலாம் சார். இதுல மூட முடியாது."

லிஃப்ட் சிரித்தான். சொதப்பப் போவது வேறு யாரோ என்று நினைத்துத்தான் சிரித்தான்.

பின்னறையில் மூன்று பேரும் சோப்புக்கட்டிக்கே கை தூக்கினார்கள்.

"நடுவுல வெச்சு அமுக்கினா முடிஞ்சுது," என்றான் டாக்டர். "எதுக்குடா எட்டு? நாம என்ன ஊர்வலமா?"

"அதுல டிரைவர் அண்ணன் சத்தம் மட்டும்தான் கேக்கும்," என்றான் லிஃப்ட்.

"கேட்டா என்ன குடி முழுகிடுமா?" என்றார் டிரைவர் அண்ணன்.

லிஃப்ட் ஆளுக்கு ஆள் தூண்டில் போட்டான். டாக்டரின் குரலைக் கடைசியில் தனியாக, நிதானமாக ஏற்றலாம் என்றான். டிரைவர் அண்ணனுக்கு மட்டும் ரெண்டு மைக் என்றான். பேஸுக்கு ஒன்று, டாக்டரின் கிட்டாருக்கு ஒன்று. நாலும் தீர்ந்தது.

"அப்ப உனக்கு மாப்ள?" என்றான் மச்சான். "எங்க மைக் வைக்கப் போற, வாசல்லயா?"

"நான் அப்புறம் தனியா வாசிச்சுக்கறேன். அஞ்சாவது டிராக். அப்பதான் தெளிவா விழும்."

தாராள மனசு என்று மூவரும் பாராட்டினார்கள். அவனுக்கும் அப்படித்தான் பட்டது.

கருவி வந்ததும் அதன் கையேட்டை லிஃப்ட் மோட்டார் அறைகளில் உட்கார்ந்து சாப்பாட்டு வேளைகளில் படித்து முடித்தான். எந்தப் பொத்தான் எதற்கு என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். முதல் பாட்டின் நாலு டிராக்கும் ஒரே மாலையில் ஏறின. அடுத்த வாரம், கோட்டுகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அவன் ஐந்தாவதை அமுக்கினான்.

பாட்டு ஆரம்பித்தது. முதல் திருப்பத்தில் கை நின்றுவிட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மறுபடி."

மறுபடியும் அதே இடம். அதற்கு மறுபடி இன்னும் முன்னாலேயே. என்ன நடக்கிறது என்று அவனுக்கே அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் அவன் பாட்டைக் கேட்டு வாசிக்கவில்லை. டாக்டரின் இடது கையைப் பார்த்து வாசித்திருக்கிறான். அந்தக் கை கிட்டார் கழுத்தில் எந்தக் கட்டைக்கு நகர்கிறதோ அதற்கு இவன் விரல் ஒரு நூல் பின்னால் போய்ச் சேரும். சத்தத்தில் அந்த நூலிழை யாருக்கும் தெரிந்ததில்லை. இப்போது எதிரே கை இல்லை. காதில் கிட்டார் இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"டேய், நீ சும்மா என் முன்னாடி நின்னு கூடவே பிடியேன்," என்றான் டாக்டரிடம். "சத்தம் வேணாம். கை மட்டும்."

டாக்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு கிட்டாரை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றான்.

இந்த முறை போனது. முதல் திருப்பம் போனது, இரண்டாவதும் போனது. லிஃப்ட்டின் தோள் இறங்கியது. மூன்றாவது வரியில் டாக்டர் முகத்தில் ஒன்றையும் காட்டாமல், பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கட்டைக்குக் கையை நகர்த்தினான். லிஃப்ட்டும் நகர்ந்தான். டாக்டர் இன்னும் மோசமான ஒன்றுக்குப் போனான். லிஃப்ட்டும் போனான். டாக்டர் கையைக் கழுத்திலிருந்து எடுத்து மூக்கைச் சொறிந்தான். லிஃப்ட்டின் விரல்கள் கம்பிகளை விட்டு எழும்பி அந்தரத்தில் நின்றன.

மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டான், அவ்வளவு சிரிப்பு. "ஐயோ, மூக்கையும் சொறிஞ்சிருப்பான்யா! மாப்ள, இவன் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா?"

"கிட்டார் வாசிக்கல," என்றார் டிரைவர் அண்ணன். "கண்ணாடி பாத்திருக்கான். பஸ்ஸுல நான் பின்னாடி வர்ற வண்டிய பாக்கற மாதிரி."

"என் தங்கச்சி கேட்டா எவ்ளோ சந்தோஷப்படுவா தெரியுமா? இன்னிக்கே சொல்றேன் பாரு."

லிஃப்ட் சிரித்தான். அந்த மாதிரி நேரத்தில் வேறு முகம் கைவசம் இல்லை.

"எழுந்திரு," என்றான் டாக்டர். முக்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை வாங்கிக்கொண்டான். "ஆறுல போடு. நானே அடிச்சுடறேன்."

ஒரே தடவை. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை, காலை ஆட்டிக்கொண்டே வாசித்து முடித்தான். ஸ்பீக்கரில் போட்டார்கள். இரண்டு கிட்டாரும் ஒரே ஆள், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. பாட்டுக்கு இதுவரை இல்லாத முதுகெலும்பு வந்திருந்தது. அது லிஃப்ட்டுக்கும் கேட்டது; காது இல்லாதவன் என்று அவனைச் சொல்ல முடியாது.

"பாத்தியாடா, இந்த மெஷின் எவ்ளோ வசதி!" என்றான் டாக்டர். "ஒரு ஆள் மிச்சம். அந்த அஞ்சாவதை அழிச்சுடு, தெரியாம கலந்துடப் போகுது."

அழிக்கத் தேவையில்லை. அதை ஊமையாக்கி வைத்தால் போதும் என்று கையேட்டில் இருக்கிறது. லிஃப்ட் ஹெட்ஃபோனை மாட்டி ஐந்தாவதை மட்டும் தனியாகக் கேட்டான். ஒரு நூல் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்து, பிறகு சம்பந்தமில்லாத கட்டைகளில் நம்பிக்கையோடு நடந்துபோய் நின்றுவிடும் ஒரு கிட்டார். முதல் முறையாகத் தெளிவாகக் கேட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு அழித்தான். நிச்சயமாகவா என்று கருவி கேட்டது. ஆமாம் என்று அமுக்கினான்.

"நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத மாப்ள," என்று மச்சான் முதுகில் தட்டினான். "நீதான் வாங்கின, நீதான் அதுக்கு ஆபரேட்டர். ஓட்டல்ல ஒயர் சுத்தவும் ஆள் வேணுமில்ல?"

"வேணும்," என்றான் லிஃப்ட்.

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் முன்னால் வந்தான். "ரெடியா? பாடிடலாமா?"

"ஒரு நிமிஷம். பாடறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்துடலாம். மச்சானோடதுல ஆரம்பிப்போம்."

மச்சானின் கை முதுகிலிருந்து இறங்கியது. "என்னோடது எதுக்கு? அதான் நல்லா இருக்கே."

நன்றாக இல்லை. பதிந்த அன்றே, பொத்தான்களைப் பழகும் சாக்கில் லிஃப்ட் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டிருந்தான். மூன்றாவது டிராக்கில் மச்சான் பாதி இடத்தில் தப்பான சுரம் வாசிக்கிறான், மீதி இடத்தில் வாசிப்பதே இல்லை. கம்பியைத் தொட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான். பெண் கொடுத்த வீடாயிற்றே என்று லிஃப்ட் வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நேரமாகுது. கடையைப் பூட்டணும்."

லிஃப்ட் மற்ற எல்லா டிராக்கையும் ஊமையாக்கினான். ஸ்பீக்கர் சத்தத்தை முழுசாகத் திருப்பினான்.

இரண்டாவது வரி முடிவதற்குள் டிரைவர் அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். டாக்டர் மைக்கை விட்டுத் திரும்பி மச்சானைப் பார்த்தான். மச்சான் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோட்டின் கையைப் பிடித்துச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான்.

"சரியா விழலையோ," என்றான் லிஃப்ட். "மறுபடி மொதல்ல இருந்து போடறேன் மச்சான்."